உங்களுக்குத் தெரியுமா? – வீடு ஒரு நாட்டில், விமானம் வேறு நாட்டில்

● ஒவ்வொரு விமானிக்கும் ஒரு 'ஹோம் பேஸ்' உண்டு. நிறுவனம் அவருக்கென ஒதுக்கும் விமான நிலையம் அது. பணிநேரக் கணக்கு வழக்கமாக அங்கே தொடங்கி அங்கேயே முடியும். ஆனால் வீடும் அதே ஊரில்தான் இருக்கவேண்டும் என்று பல நிறுவனங்கள் வற்புறுத்துவதில்லை. துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் எனப் பல காரணங்களால் குடும்பம் போர்ச்சுகலில் இருக்கும், பேஸ் ஜெர்மனியில் இருக்கும். அப்படிப்பட்ட விமானி, விமானம் ஓட்டப் போவதற்கே முதலில் ஒரு விமானம் பிடித்தாக வேண்டும்.

● நிறுவனமே ஒரு விமானியைப் பயணியாக வேறு ஊருக்கு அனுப்பினால் அதை 'டெட்ஹெட்' என்பார்கள். வழியெல்லாம் அவர் தூங்கிக்கொண்டு போனாலும் அமெரிக்க விதிப்படி அது ஓய்வு ஆகாது. ஐரோப்பாவிலும் அது பணிநேரத்தில் சேரும். சரி, அதே விமானத்தில், அதே இருக்கையில், தன் வீட்டிலிருந்து பேஸுக்கு அவராகவே வந்தால்? பணிநேரத்தில் ஒரு நிமிடம்கூடச் சேராது. அவ்வளவு நேரமும் அவருடைய ஓய்வுக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. உடம்புக்கோ இரண்டும் ஒரே பயணம்தான். இந்தப் பகுதியில் வரும் மற்ற செய்திகளை இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

● விமானிக்கு எங்கு போனாலும் இலவச டிக்கெட், உறுதியான இருக்கை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அவர் கையில் இருப்பது 'ஸ்டாண்ட்பை' டிக்கெட். தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, பிற நிறுவன ஊழியர்களுக்குச் சலுகைக் கட்டணம் தருவதென விமான நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் பந்தியில் விருந்தினர் எழுந்தபின் வீட்டார் உட்காருவது போல, காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால்தான் இவருக்கு இடம். கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இடம் மிஞ்சுவது அரிது. அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரு விமானத்தை மட்டும் நம்பமாட்டார்கள். அடுத்த விமானத்தையும் பார்த்துவைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் முந்தைய நாளே கிளம்பிவிடுவார்கள். வீட்டில் கழியவேண்டிய ஓய்வு நாளில் ஒன்று இப்படித்தான் போகிறது.

● விமானி அறைக்குள் மடக்கு இருக்கை ஒன்று உண்டு. பெயர் 'ஜம்ப் சீட்'. அமெரிக்காவில் வேறு நிறுவனத்து விமானியும் கேப்டன் சம்மதித்தால் அதில் உட்கார்ந்து போகலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இந்த வசதி நின்றுபோனது. வந்திருப்பவர் உண்மையிலேயே பணியில் உள்ள விமானிதானா என்று கணினி வழியாகச் சரிபார்க்கும் முறை வந்த பின்தான் திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

● பணியில் இருக்கும்போது குழுவினர் பட்டியலில் பெயர், குழுவினருக்கான தனி வரிசை, சில நாடுகளில் தனி விசா. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ அதே மனிதர் சாதாரணப் பயணி. பாஸ்போர்ட், விசா, வரிசை எல்லாம் நமக்குள்ளதுதான்.

● 2009 பிப்ரவரி 12. அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் புறப்பட்ட கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். இரண்டு விமானிகளின் பேஸும் நியூவார்க். ஆனால் கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். துணை விமானி குடியிருந்தது நாட்டின் மறுகரையில், சியாட்டில் பக்கம். முந்தைய இரவு சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் மாறி, காலையில் நியூவார்க் வந்து சேர்ந்தார். விமானம் கிளம்பியது அன்றிரவு 9 மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்துக்கு அவருக்கென்று ஒரு படுக்கை இல்லை. ஊழியர் அறையின் இருக்கைகள்தான். கேப்டனும் அந்த அறையில் இரவைக் கழித்திருந்தார்.

விபத்துக்கு முதன்மைக் காரணம், வேகம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தபோது கேப்டன் எதிர்மாறாகச் செயல்பட்டது. களைப்பு இருவரின் செயல்திறனையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று அளந்து சொல்ல இயலவில்லை என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். துணை விமானியின் சொற்பச் சம்பளமும் விசாரணையில் பேசப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். அதன் பலனாக 2010-இல் சட்டம் வந்தது; 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணத்துக்கு மட்டும் அந்த விதிகளிலும் மணிக்கணக்கு வைக்கப்படவில்லை. அது பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம்.

● தொடர்ந்து 17 மணி நேரம் கண்விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, இரண்டு விமானம் மாறி, மாலையில் பணியேற்கும் விமானிக்கு அந்த 17 மணி நேரம் எப்போது முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 9 மணி!

● ஐரோப்பிய விதிகளோடு தரப்பட்டுள்ள வழிகாட்டுக் குறிப்பு ஒன்று இதைத் தொடுகிறது. வீட்டிலிருந்து பேஸுக்கு வர வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமானால், அருகிலேயே தற்காலிகமாகத் தங்க இடம் பார்த்துக்கொள்வது பற்றி விமானி யோசிக்கவேண்டும். வாடகை யார் கொடுப்பது என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

● அந்த வாடகைக்கு விமானிகள் கண்டுபிடித்த வழிதான் 'க்ராஷ் பேட்'. பலர் சேர்ந்து எடுக்கும் வீடு, அறைக்கு நான்கைந்து அடுக்குக் கட்டில்கள். 'கோல்டு பெட்' என்றால் கட்டில் உங்களுக்கே உரியது. 'ஹாட் பெட்' என்றால் எது காலியோ அதில் படுக்கவேண்டும், விரிப்பை நீங்களே கொண்டுவர வேண்டும். நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் விமானக் குழுவினர் மிகுந்துபோனதால் அதைக் 'குரூ கார்டன்ஸ்' என்றே அழைப்பவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடம் ஒன்றில் வீட்டு வண்டிகளை நிறுத்தி, விமானிகளும் பிற ஊழியர்களும் ஓடுபாதை இரைச்சலுக்கு நடுவே வாழ்ந்தது 2009-இல் செய்தியானது.

● எல்லை தாண்டிப் போவது எல்லாருக்கும் இவ்வளவு பாடு அல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு ஸ்வீடனின் மால்மோவிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது. 2000-இல் ஓரசுண்ட் பாலம் திறந்த பிறகு ஸ்வீடனில் குடியிருந்து டென்மார்க்கில் வேலை செய்வது சாதாரணமாயிற்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கான விமான நிலையம் இன்னும் விசேஷம். அது முழுக்கப் பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது. 1949-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பாசலிலிருந்து சுங்கச் சாலை ஒன்று நேராக அதன் சுவிஸ் பகுதிக்குப் போகிறது.

● எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது? பெல்ஜியத்தின் ஷார்லர்வா பேஸில் வேலை செய்த கேபின் ஊழியர்களுக்கு அயர்லாந்துச் சட்டப்படி ஒப்பந்தம் தரப்பட்டிருந்தது. வழக்கு என்றால் அயர்லாந்துக்கு வா என்றது நிறுவனத் தரப்பு. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஊழியர் வழக்கமாக எங்கே வேலை செய்கிறார் என்று தீர்மானிக்க ஹோம் பேஸ் முக்கியமான அடையாளம் என்று தீர்ப்பளித்தது. எளிய ஊழியருக்கு வேலை செய்யும் இடத்திலேயே நீதி கேட்க வழி செய்த இந்தத் தீர்ப்பு விமானிகளுக்கும் பெரிய துணை.

● ஆசியாவில் 'கம்யூட்டிங் கான்ட்ராக்ட்' என்ற முறை உண்டு. சில வாரங்கள் தொடர்ந்து வேலை, பிறகு சொந்த நாட்டில் சேர்ந்தாற்போல விடுப்பு. கொரிய, சீன நிறுவனங்கள் இப்படி வெளிநாட்டுக் கேப்டன்களை எடுத்தன. ஹாங்காங்கின் கத்தே பசிபிக் வேறு வழியில் போய், வெளிநாடுகளிலேயே பேஸ் வைத்திருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், கனடா பேஸை மூடுவதாக அறிவித்தது. அந்த நாட்களில் எல்லை மூடல், 14 நாள் ஓட்டல் தனிமை என்று வீடு திரும்ப முடியாமல் தவித்த விமானிகள் எத்தனையோ பேர்.

● இந்தியாவிலும் வெளிநாட்டு விமானிகள் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தற்காலிக அனுமதி தருகிறது. இங்குள்ள வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக 2025 ஜூலையில் உயர்த்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அந்த 48 மணிக்குள் கடல் தாண்டி வீட்டுக்குப் போய்த் திரும்புபவருக்கு, விமான நிலையங்களில் காத்திருக்கும் நேரத்தையும் கழித்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சலாம்.

● அமெரிக்காவில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் 'நான் பணிக்குத் தகுதியோடு இருக்கிறேன்' என்று விமானி உறுதி கூறியாக வேண்டும். களைப்பாக இருக்கிறேன் என்று சொன்னால் நிறுவனம் அவரை ஓட்டவைக்கக் கூடாது. அப்படிச் சொல்பவரின் சம்பளம் பிடிக்கப்படாது, பதவி உயர்வு தடைபடாது என்ற உத்தரவாதமும், பேஸ் அருகே தூங்க ஒரு கட்டிலும் சேர்ந்து கிடைத்தால்தான் அவரால் தயங்காமல் உண்மையைச் சொல்ல முடியும். இரண்டையும் நிறுவனங்களின் செலவில் தரச்சொல்லிப் பயணிகளாகிய நாமும் கேட்கவேண்டும்.