வீரனின் வாக்கும் உழவன் மகளின் மாடுகளும்

போர்முனையிலிருந்து திரும்பும் வீரன் ஒருவன். மலையடிவாரப் பண்ணையில் பால் கறக்கும் உழவன் மகள் ஒருத்தி. நடுவே குலப்பகையும் கொடுங்கோல் பிரபுவும். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்ட்ஸைக் களமாகக் கொண்ட காதல் நாவல்கள் பலவும் இந்த அச்சில் வார்த்தவைதான். தடைகளைத் தாண்டி இருவரும் மணம் முடித்தால் கதை சுபம். ஆனால் இடைக்காலச் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் காலத்தில் சேர்வதைவிடச் சேர்ந்தபின் பெண் தன் இடத்தைத் தக்கவைப்பதே கடினமாக இருந்தது என்று தெரிகிறது. காதல் அவளுக்கு ஒரு கணவனைத் தரலாம். மனைவி என்ற நிலையைக் காத்தவை அவளுடைய மாடுகளும் உறவினரும்தான்.

நாவல்கள் காட்டும் காட்சியில் பாதி பிற்காலத்தது. 1828-இல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘தி ஃபேர் மெய்டு ஆஃப் பெர்த்’, 1396-இல் பெர்த் நகரில் இரு குலங்கள் ஆளுக்கு முப்பது பேராக மோதிய சண்டையை ஒரு கையுறைத் தொழிலாளி மகளின் காதலோடு இணைத்தது. 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, கட்டம் போட்ட டார்ட்டன் துணியை ஸ்காட்லாந்து முழுமைக்குமான அடையாளமாக அரங்கேற்றியதும் ஸ்காட்டின் ஏற்பாடுதான். மேற்கு ஸ்காட்லாந்தின் அயோனாவிலும் கில்மார்ட்டினிலும் உள்ள இடைக்காலக் கல்லறைப் பலகைகளில் செதுக்கப்பட்ட வீரர்கள் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை அணியவில்லை. முழங்கால் வரை தொங்கும், திணித்துத் தைத்த போர் அங்கியோடு நிற்கிறார்கள்.

கொடுங்கோல் பிரபுவின் கதையும் அப்படித்தான். 1995-இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில், மணப்பெண்ணின் முதலிரவு பிரபுவுக்கே உரியது என்ற சட்டத்துக்குத் தப்பவே நாயகன் வாலஸ் ரகசியமாக மணம் முடிக்கிறான். அப்படி ஒரு சட்டம் ஸ்காட்லாந்தில் நடைமுறையில் இருந்ததற்குச் சான்று இல்லை. 1527-இல் ஹெக்டர் போயஸ் எழுதிய வரலாறு அந்தச் சட்டத்தை ஈவனஸ் என்ற புனைவு மன்னன் பெயரில் ஏற்றி, பின்னாளில் அது பணமாக மாறியது என்றது. உண்மையில் இருந்தது மெர்ஷெட் என்ற வரி. மகளின் கல்யாணத்துக்காக மேலதிகாரம் கொண்ட பிரபுவுக்குச் செலுத்தியது. ‘ரீஜியம் மஜெஸ்டாட்டம்’ என்ற பழைய ஸ்காட்டியச் சட்டத் தொகுப்பு அதைப் பசுக் கணக்கில் குறிக்கிறது. ஏர்ல் பட்டம் பெற்ற பெருங்குடியின் மகளுக்கு 12 பசுக்கள். ஏர்லின் மகளுக்கும் விதித்த வரியை உழவர் மகளிர்மேல் இருந்த உடலுரிமையின் எச்சம் என்று எப்படிக் கொள்வது?

ஆக, சேர்வதற்குப் பெரிய தடை இல்லை. மணமக்கள் இருவரின் சம்மதமே மணம் என்பது 12ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைச் சட்டத்தில் உறுதிப்பட்டுவிட்டது. பாதிரியாரோ சாட்சியோ இல்லாத மணமும் முறைப்படி தவறென்றாலும் செல்லும். ஸ்காட்லாந்துச் சட்டம் இந்தக் கொள்கையை 1940 வரை விடவில்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில். கேலிக் மொழி பேசிய சமூகங்களில் மனைவியை விலக்கி வேறொருத்தியை மணப்பது பெருங்குடியினரிடையே வழக்கமாக இருந்தது. மேற்குத் தீவுகளின் அதிபதி ஜான், சொந்த நிலவுரிமை கொண்ட ஏமி மெக்ருவாரியை மணந்து பிள்ளைகளும் பெற்றபின், 1350-இல், பின்னாளில் அரசனான ராபர்ட் ஸ்டூவர்டின் மகள் மார்கரெட்டை மணந்தார். அதிபதிப் பட்டம் மார்கரெட்டின் மகன் டொனால்டுக்குப் போனது. 1609-இல் தீவுகளின் குலத்தலைவர்கள் ஏற்ற அயோனா சட்டவிதிகள் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கென்று செய்துகொள்ளும் மணங்களைத் தடைசெய்தன என்றால், அந்த வழக்கம் அதுவரை நீடித்தது என்றே பொருள்.

இங்கேதான் மாடுகள் வருகின்றன. ஹைலண்ட்ஸில் செல்வத்தின் அளவுகோல் மாடு. சீதனமும் பெரும்பாலும் மாடுகளாகவே போனது. அதே மொழியும் மரபும் பகிர்ந்த அயர்லாந்தில், மணம் முறிந்தால் சீதனத்தைத் திருப்பித் தருவதற்குப் பிணையாளிகளை நிறுத்தினார்கள். வலுவான பிணையாளிகள் உள்ள பெண்ணை விலக்கினால் கணவனுக்கு நட்டம். அந்த நட்டமே அவளுக்குக் காப்பு. பெருங்குடி மகளுக்குப் படையே சீதனமாகப் போனதுண்டு: 1259-இல் ஹெப்ரிடீஸ் என்ற மேற்குத் தீவுகளின் தலைவர் டூகல் மெக்ருவாரியின் மகள் 160 போர்வீரர்களோடு அயர்லாந்து இளவரசன் ஒருவனுக்கு மனைவியானாள். உழவனால் கொடுக்க முடிந்தது சில பசுக்கள். அதோடு, குலத்தலைவனின் ஆட்கள் உழவர் வீடுகளில் தங்கி உண்ணும் வழக்கமும் இருந்தது. அயோனா விதிகள் அதையும் தடுக்க முயன்றன. வீரன் உழவன் மகளைச் சந்தித்த இடம், அவள் தந்தை அவனுக்குச் சோறு போட மறுக்க முடியாத வீடாக இருந்திருக்கலாம். அந்த வீட்டில் அவளுடைய சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று நாவலாசிரியர்கள் கேட்டாக வேண்டும்.

இந்தச் சான்றுகள் பெருங்குடிகளைப் பற்றியவைதானே, உழவர் வாழ்க்கை வேறாக இருந்திருக்காதா என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு: சொத்துக் குறைந்த வீடுகளில் மனைவியின் உழைப்பை இழக்க முடியாது என்பதாலேயே மணங்கள் உறுதியாக நின்றிருக்கலாம். ஆனால் அது உழவன் உழவன் மகளை மணக்கும்போது. மேலே உள்ளவனோடு சேர்ந்தவளுக்கு அந்த உறுதியும் இல்லை. அவன் ஏற்றுக்கொண்டால் அவள் பிள்ளைகளுக்குக் குலத்தில் இடம் உண்டு, அவளுக்கு இல்லை. மாட்டுக் கணக்கில் காதலுக்கு ஏது இடம் என்ற மறுப்பும் எழலாம். ஆனால் அங்கே காதல் இருந்தது. 1470 வாக்கில் ஸ்வீன் கோட்டைக் காவலரான தன் கணவன் இறந்தபோது ஏஃப்ரிக் என்ற கவிஞர் அவரது ஜெபமாலையைப் பார்த்துப் பாடிய இரங்கற்பா இன்றும் நம் கையில் இருக்கிறது. அந்த அன்பு, சட்டமும் உறவும் தாங்கிய மணத்துக்குள் வளர்ந்தது.

கதை வரலாறாக இருக்க வேண்டியதில்லை என்பதும் சரியே. ஆனாலும் கல்யாணத்தையே பெண்ணின் வெற்றியாகக் காட்டும் கதை, அவள் எதிர்கொண்ட ஆபத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. உழவன் மகளை மதிக்கும் நாவலாசிரியர், வீரன் அவளை எவ்வளவு நேசித்தான் என்பதோடு, அவன் மனம் மாறினால் அவளுக்காகப் பேச யார் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.