சாவி களவு போன பின்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவையும் அதனை அடுத்த கடைவீதியையும் சுற்றிப் பார்த்தவர்கள், அங்குள்ள பழைய பண்டகசாலைகளின் கனத்த மரக்கதவுகளை மறந்திருக்கமாட்டார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்த அக்கிடங்குகளின் சாவி எவரிடம் இருந்ததோ, அவரே சரக்குக்குப் பொறுப்பாளர். 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில் தோன்றிய மிளகு வர்த்தகச் சங்கத்தின் வாயிதாச் சந்தையிலே, வியாபாரிகள் நெடுங்காலம் நேருக்கு நேர் நின்று குரலெழுப்பியே பேரம் முடித்தனர். முகத்தையும் குரலையும் கொண்டு ஆளை அறிந்து நடந்த வாணிபம் அது. தமிழர்களுக்கும் இவ்வட்டாரம் புதியதன்று. அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், சலவைத் துறையிலே தமிழ்ப் பேச்சை இன்றும் கேட்கலாம்.

இன்றோ முகமும் குரலும் இல்லாத ஒரு செல்வம் நம்மவர் பலருடைய கைபேசியில் புகுந்துள்ளது. 2009-ஆம் ஆண்டில் பிட்காயினுடன் தொடங்கிய கிரிப்டோ நாணயத்தையே குறிப்பிடுகிறேன். இதனை வாங்குவது நன்றா தீதா என்பது இவ்வுரையின் பொருள் அன்று. வாங்கியவர் ஒருவர் வஞ்சகரின் தூண்டிலில் சிக்கிவிட்டால், அதன் பின்னர் என் செய்வது என்பதே பொருள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். 'வாலட்' என்பதைப் 'பணப்பை' என்று பலர் தமிழாக்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தமிழாக்கம் உடன்பாடன்று. அந்தப் பைக்குள் பணம் இல்லை. நாணயத்தின் கணக்கு உலகெங்கும் உள்ள கணினிகளில் பொதுப் பேரேடாக இருக்கின்றது. நம்மிடம் இருப்பது அப்பேரேட்டில் நம் பங்கைத் திறக்கும் சாவி மட்டுமே. அதனைச் 'சாவிக்கொத்து' என்று அழைத்திருந்தால் எத்தனையோ பேர் விழிப்புடன் இருந்திருப்பர். அச்சாவிக்கெல்லாம் அச்சு, பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு மீட்புச் சொற்கள். பெரும்பாலும் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன. இச்சொற்களை அறிந்தவர் எவராயினும், உலகின் எந்த மூலையிலிருந்தும் நம் கிடங்கைத் திறக்கலாம். தடுத்து நிறுத்த வங்கி மேலாளர் எவரும் அங்கே இல்லை.

இம்மோசடி நடக்கும் முறைக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காட்டலாம். சாவிகளைப் பாதுகாக்கும் சிறு கருவிகளைத் தயாரிப்பது பிரான்ஸ் நாட்டின் லெட்ஜர் நிறுவனம். 2020-ஆம் ஆண்டில் அதனிடமிருந்து களவு போனது நாணயம் அன்று, வாடிக்கையாளர்களின் விவரங்களே. ஏறத்தாழப் பத்து லட்சம் மின்னஞ்சல் முகவரிகளும், அவர்களுள் சுமார் 2,72,000 பேருடைய பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் அவ்வாண்டு டிசம்பரில் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. பின்னர் அம்முகவரிகளுக்கு, 'உங்கள் கருவிக்கு ஆபத்து. மீட்புச் சொற்களை உடனே பதிவு செய்க' என்ற கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. 2021-இல் சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்து சேர்ந்தது. 2025-லும் நிறுவனத்தின் முத்திரையுடன் காகிதக் கடிதங்கள் வந்தன. ஒரு முறை பட்டியலில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

ஏமாந்தது தெரிந்த கணமே, நாம் எதனைக் கொடுத்தோம் என்று ஆராய வேண்டும். மீட்புச் சொற்களையே கொடுத்துவிட்டோமாயின், கடவுச்சொல்லை மாற்றுவதனால் யாதொரு பயனும் இல்லை. கிடங்கின் பூட்டை மாற்றலாம்; இந்தச் சாவியின் அச்சை மாற்ற இயலாது. எஞ்சியுள்ள சரக்கை வேறு கிடங்குக்குக் கொண்டு செல்வதே வழி. அதாவது, மாசற்ற வேறொரு கைபேசியில் புதிய சொற்களுடன் புதிய வாலட் ஒன்றை அமைத்து, மீந்த நாணயங்களை விரைந்து அதற்கு மாற்ற வேண்டும். வஞ்சகர் சொற்படி எனிடெஸ்க் போன்ற செயலி எதனையாவது பதிந்திருந்தால், அக்கைபேசியை இதற்குப் பயன்படுத்தலாகாது. இங்கே ஒரு பொறி உண்டு. நாணயத்தை நகர்த்துவதற்குச் சிறு கட்டணம் தேவை. அதற்காகப் பழைய முகவரிக்குப் பணம் அனுப்பினால், அங்கே இரவு பகலாகக் காத்திருக்கும் திருடனின் நிரல் அதனையும் கணப்பொழுதில் கவர்ந்து கொள்ளக்கூடும். அவ்விதம் ஒரு முறை நிகழ்ந்துவிட்டால், மேலும் மேலும் அனுப்பிப் பார்ப்பது வீண்.

சொற்களைக் கொடாமல், போலித் தளம் ஒன்றில் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தியதால் மட்டும் நேர்ந்த இழப்பு வேறு வகை. அந்த அனுமதியை ரத்து செய்ய வழி உண்டு. அதனை உடனே செய்ய வேண்டும். நாணய மாற்றகம் ஒன்றின் கடவுச்சொல் பறிபோயிருந்தாலோ, முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பின்னர் மாற்றகத்தின் கடவுச்சொல்லை மாற்றுக. மின்னஞ்சல் திருடன் வசம் இருக்குமாயின் மற்றவை அனைத்தும் அவன் வசமே. மாற்றகத்துக்கு எழுதிக் கணக்கை முடக்கி வைக்கவும் கோரலாம்.

அடுத்து, 1930 என்ற தொலைபேசி எண். இது நாடெங்கும் இயங்குவது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்க இணையதளத்திலும் புகார் பதியலாம். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ ரூபாயும் அனுப்பியிருந்தால், அது கைமாறுமுன் நிறுத்தி வைக்க இவ்விரைவு உதவும். நாணயமாகவே போனதைத் திருப்பி அழைக்க இயலாது. ஆயினும் பேரேடு பொதுவானதாகையால் அது சென்ற தடம் அழிவதில்லை. அது மாற்றகம் ஒன்றை அடைந்தால், காவல் துறையினரின் கோரிக்கையின் பேரில் முடக்கப்படவும் கூடும். இந்தியாவில் இயங்கும் மாற்றகங்கள் 2023 மார்ச் முதல் கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. (2022 முதல் இந்நாணய லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறதே, ஆகையால் அரசாங்கம் இதற்கு உத்தரவாதம் என்று சிலர் வாதிப்பதுண்டு. வரி வேறு, உத்தரவாதம் வேறு.)

பரிவர்த்தனையின் அடையாள எண், இரு பக்கத்து முகவரிகள், தேதி, நேரம், வந்த செய்திகள், போலித் தளத்தின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நலம். அயல் மாநிலத்தில், அயல் மொழியில் பதற்றத்துடன் விவரம் கூறுவது எத்துணைக் கடினம் என்பது நம்மவர்க்குத் தெரியும். எண்களுக்கு மொழி இல்லை. வெட்கத்தினால் பழைய உரையாடல்களை அழித்துவிடுவோர் உண்டு. அது சாட்சியத்தையே அழிப்பதாகும்.

இனி, இரண்டாவது திருடன். முதலாமவனைக் காட்டிலும் இவனே கொடியவன் என்பது என் கருத்து. இழந்தோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'உங்கள் நாணயத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வருகிறான். வழக்கறிஞர் என்பான், காவல் அதிகாரி என்பான். சிறு முன்பணம் போதும் என்பான். பின்னர் வரி என்பான், விடுவிப்புக் கட்டணம் என்பான். 2023-இலும் 2024-இலும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இத்தகைய மீட்பு நிறுவனங்களைப் பற்றியும் போலி வழக்கறிஞர்களைப் பற்றியும் எச்சரிக்கை வெளியிட்டது. நம் வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. முன்பெல்லாம் வஞ்சகரின் கடிதத்தை அதன் கோணல் தமிழே காட்டிக் கொடுத்துவிடும். இப்பொழுது கணினியே பிழையற்ற தமிழை எழுதித் தருகிறது. தொலைவில் வாழ்பவருக்கு இனிய தமிழில் ஒருவர் ஆறுதல் கூறினால் மனம் இளகுவது இயல்பு. அவ்விளக்கத்தையே அவன் விலைபேசுகிறான். பணம் கேட்டு மீட்டுத் தருவோர் எவராயினும், மீட்புச் சொற்களைக் கேட்பவர் எவராயினும், அவர் திருடரே. இதற்கு விலக்கு இல்லை.

புகார் செய்யச் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டுமோ என்று கேட்பவர்கள் உளர். தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்வெல்லையில் நடந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். நிலையத்தில் பதிய மறுத்தால், அதன் சாரத்தை எழுத்து மூலம் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அதன் பின்னரும் பயன் இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். பதிவான தகவலின் நகல் ஒன்றைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெற்றுக்கொள்க.