சொல்லாமல் விட்ட எண்கள்

மேலாண்மைப் படிப்புக்காக எழுதும் ஜிமேட் தேர்வில் ஒரு விநோதமான கேள்வி வகை உண்டு. விடையைக் கேட்க மாட்டார்கள். விடை சொல்லக் கொடுத்த தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பாணியில் ஒன்று: ‘க’வின் வர்க்கம் ‘க’வை விடப் பெரிது. அப்படியானால் க, 1ஐ விடப் பெரியதா?

2, 3, 10 என்று போட்டுப் பார்த்தவர் ‘ஆம்’ என்பார். −2 போட்டால்? வர்க்கம் 4, அது −2ஐ விடப் பெரிதுதான். ஆனால் −2, 1ஐ விடச் சிறியது. ஆக, தகவல் போதாது. ‘க ஒரு மிகை எண்’ என்று மட்டும் சேர்த்துவிட்டால் விடை சந்தேகமில்லாமல் ‘ஆம்’.

மிகை என்று சொல்லாதவரை பூஜ்ஜியமும் குறை எண்ணும் உள்ளே வரலாம். முழுக்கள் என்று சொல்லாதவரை பின்னமும் வரலாம். வெவ்வேறு எண்கள் என்று சொல்லாதவரை, இரண்டு எழுத்துகளும் ஒரே எண்ணாகவே இருக்கலாம். சின்ன வயதிலிருந்து 1, 2, 3 என்றே எண்ணிப் பழகிய மனம், யாரும் போடாத வேலியைத் தானே போட்டுக்கொள்கிறது. கேள்வி தயாரிப்பவருக்கு இது நன்றாகவே தெரியும்!

பூஜ்ஜியம் மிகையும் அல்ல, குறையும் அல்ல, ஆனால் இரட்டைப்படை. 1 பகா எண் அல்ல. இது தேர்வுக்காரர்களின் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் கணிதவியலாளர்களே 1ஐப் பகா எண்ணாகக் கொண்டதுண்டு. 1742இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் அப்படித்தான் கொண்டார். 1914இல் கணிதவியலாளர் லேமர் வெளியிட்ட பகா எண் பட்டியலும் 1இல்தான் தொடங்கியது. பிறகு 1ஐ ஏன் விலக்கினார்கள்? 6ஐப் பகா எண்களின் பெருக்கலாக 2 × 3 என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும். 1ஐச் சேர்த்தால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று முடிவே இல்லாமல் போகும்.

‘இருக்கலாமா’ என்று கேட்டால் ஒரே ஓர் உதாரணம் போதும். ‘கட்டாயம் இருக்குமா’ என்று கேட்டால் ஆயிரம் உதாரணமும் போதாது. ‘இல்லை’ என்று காட்டத்தான் ஒன்று போதும். ந என்பது முழு என்று கொள்வோம். அதன் கனத்திலிருந்து அதையே கழித்தால் வருவது கட்டாயம் 6ஆல் வகுபடுமா? வகுபடும். அந்த வித்தியாசம் ந−1, ந, ந+1 என்ற மூன்று அடுத்தடுத்த எண்களின் பெருக்கல்தான். அவற்றில் ஒன்றாவது இரட்டைப்படை, ஒன்று 3இன் மடங்கு. இப்போது ‘ந ஒற்றைப்படை’ என்று சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள். அவற்றில் ஒன்று 4இன் மடங்கு, ஆகவே அவ்விரண்டின் பெருக்கல் 8ஆல் வகுபடும். 6 இருந்த இடத்தில் இப்போது 24.