கஷ்டத்துக்கும் சான்று கேட்கிறார்கள்

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில், ஆடி கடைசி வெள்ளிக்கு அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்கள் மாரியம்மனிடம் குறையை வாய்விட்டுச் சொல்லி அழுவார்கள். அவளிடம் சொன்னால் போதும். குடிவரவு அதிகாரிக்கோ பட்ட பாடெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அனுமதியில்லாமல் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறியவர் 10 ஆண்டு திரும்ப நுழைய முடியாது. விலக்குக் கேட்கலாம். ஆனால் விண்ணப்பித்தவரின் சொந்தக் கஷ்டம் அங்கே எடுபடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, தாய், தகப்பன் இவர்களில் ஒருவருக்குக் கடுங்கஷ்டம் நேரும் என்று காட்ட வேண்டும். பிரிவுத் துயரம் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று ஒதுக்கிவிடுவார்கள். "மனைவி தவிக்கிறாள்" என்று எழுதினால் நிற்காது. அவளை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை என்று டாக்டர் கடிதம், மருந்துச் சீட்டு, கடன் தவணை ரசீதோடு காட்டினால் நிற்கும்.

இப்படிக் கஷ்டத்தை அளந்து பார்ப்பது சரிதானா என்ற கேள்வியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு தமிழ் இளைஞர். 'கந்தசாமி வழக்கு' என்று குடிவரவு வழக்கறிஞர்கள் சொல்வது அதைத்தான்.

வட இலங்கையில் ராணுவமும் போலீசும் பிடித்துப்போய் விசாரித்த பிறகு, 2010இல், 16 வயதில், கனடாவிலிருந்த மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். அகதி மனு தள்ளுபடியானது. மனிதாபிமான அடிப்படையில் நிரந்தரக் குடியிருப்புக் கேட்டார். பழைய அச்சம் மனதைப் பாதித்திருக்கிறது என்று உளவியலாளர் அறிக்கை கொடுத்தார். அதிகாரி நோயை மறுக்கவில்லை. இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்! திருப்பி அனுப்பினாலே நோய் முற்றும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் தோல்வி. 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. நோயை ஏற்றுக்கொண்ட பிறகு மேலும் சான்று கேட்பது தவறு. கஷ்டங்களைத் தனித்தனியே பிய்த்துத் தள்ளாமல் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார் நீதிபதி ரோசலி அபெல்லா. மனு மறுபரிசீலனைக்குத் திரும்பியது.

விருதுநகர்ப் பக்கம் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் முகாம்களில் ஈழத் தமிழர் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் வெளிநாட்டு உறவோடு சேர இப்படிக் கஷ்டத்தைக் காட்டி மனுப் போட்டால், அந்த உளவியலாளர் அறிக்கை மாதிரி ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் கஷ்டத்தை எடுத்துக்காட்டும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையதுதான்.