மாணாக்கர் மனத்துயரும் கலாசாலைகளின் கடமையும்

தேசத்தின் வருங்காலம் வாலிபர்கள் கையில் இருக்கிறதென்று மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வாலிபர்களின் நெஞ்சை வருத்துவது யாதென்று விசாரிப்பார் எத்தனை பேர்? 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவ மாணவிகள் தற்கொலையால் மாண்டனர். பள்ளி, கலாசாலை இரண்டையும் சேர்த்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டுள்ள கணக்கு இது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது தமிழ்நாடே. நாம் இழந்தவர்கள் 1,416 பேர்.

இத்தகைய மரணம் ஒன்று நேர்ந்தவுடன் நடப்பது யாவருக்கும் தெரியும். எல்லாக் கட்சித் தலைவர்களும் அனுதாபச் செய்தி விடுக்கின்றனர். ஊர்வலம் போகிறது, விசாரணைக் கமிட்டி அமைக்க வேண்டுமென்று தீர்மானம் நிறைவேறுகிறது. பத்து நாள் சென்றதும் விஷயம் மறந்து போகிறது. அப்பிள்ளை உயிரோடு இருந்தபோது தன் துயரைச் சொல்லிக்கொள்ள அக்கலாசாலையில் ஓர் ஆள் இருந்தாரா என்ற சிறு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பொருளுதவி பெறும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையாக்கியிருக்கிறது. ரகசியம் காக்கப்படுவதும் உரிமை என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையளிப்பது சர்க்காரின் கடமை என்றும் அச்சட்டம் விதித்தது. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒருபடி மேலே சென்றது. நூறு மாணாக்கர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர், உளவியல் நிபுணர், சமூக ஊழியர் ஆகியோரில் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். தேவையான சட்டம் இயற்றப்படும் வரையில் இவ்விதிகளே கட்டுப்படுத்தும் என்று உத்தரவிட்டது.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏதோ ஒரு பேராசிரியரின் தலையில் இந்தப் பொறுப்பையும் ஏற்றி, விளம்பரப் பலகையில் அவர் பெயரை எழுதிவிட்டால் உத்தரவு நிறைவேறிவிட்டதாகக் கருதும் மனோபாவம் நம்மிடையே உண்டு. வகுப்பிலே மார்க்குப் போடுகிறவரிடம் எந்த மாணவன் மனத்தைத் திறப்பான்? ஆலோசகரின் அறை பிரின்ஸிபால் அறையை அடுத்திருந்தால் அதன் வாசற்படியை யார் மிதிப்பார்? தான் சொன்னது வார்டன் காதுக்கு எட்டும், அங்கிருந்து தகப்பனாருக்குக் கடிதம் போகும், விடுதியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் வரையில் அவ்வறையில் நாற்காலிதான் இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

பாஷையும் ஒரு தடையே. குக்கிராமத்தில் தமிழில் படித்து, பட்டணத்துக் கலாசாலையில் சேரும் பையனை நினைத்துப் பாருங்கள். பாடம் முழுவதும் இங்கிலீஷ். பக்கத்தில் இருப்பவர்கள் தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஊரில் தாயார் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்புகிறாள். முதல் பரீட்சையில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். இதை வீட்டுக்கு எழுதவும் மனமில்லை. நண்பர்களிடம் சொல்லவும் வெட்கம். இவன் அழுகையை இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னால்தான் ஆலோசகருக்கு விளங்கும் என்றால் அது ஆலோசனையா, இன்னொரு பரீட்சையா?

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் போதாது" என்று பெரியோர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் காலத்தில் கலாசாலைக்குப் போனவர்கள் மிகச் சிலர். 2021-22-ல் இந்தியாவில் உயர்தரக் கல்வி பயின்றவர்களோ சுமார் 4 கோடியே 33 லட்சம் பேர். தம் குலத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயிலைக் கண்டவர்கள் இவர்களில் அநேகர். குடும்பத்தின் ஆசை, கடன், மானம் அத்தனையும் இவர்கள் தோளில் ஏறி இருக்கின்றன. மேலும், மனவியாதி நெஞ்சுரக் குறைவன்று. காய்ச்சல் கண்டவனை வீரமில்லாதவன் என்று யாரும் ஏசுவதில்லையே! மனநோய்களால் வருந்துவோரில், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சையே பெறவில்லை என்று 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு கண்டது.

இவை தடுக்க முடியாத மரணங்கள் அல்ல. பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திராமல், விரைவிலேயே மறுபரீட்சை எழுத நமது ராஜ்யத்தில் வழி செய்யப்பட்டது. தோல்வியால் நேரும் தற்கொலைகள் குறைய இச்சிறு மாறுதல் உதவியதென்று, 1986 முதல் சென்னையில் 'ஸ்நேகா' என்ற தொண்டு ஸ்தாபனத்தின் மூலம் உழைத்துவரும் டாக்டர் லட்சுமி விஜயகுமார் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். துன்பப்படும் ஒவ்வொரு மாணாக்கருக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். எனினும் நேரில் அமர்ந்து, வாரந்தோறும் விசாரித்து, வேண்டுமானால் டாக்டரிடம் அழைத்துச் செல்லும் மனிதருக்கு டெலிபோன் ஈடாகாது.

ஆகவே நாம் கோருவது ஆடம்பரமான திட்டமன்று. ஒவ்வொரு கலாசாலையிலும் வகுப்பு நடத்தாத, தண்டிக்கும் அதிகாரமில்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். அவர் மாணாக்கரின் பாஷையில் பேச வேண்டும். உயிருக்கு அபாயம் நேர்ந்தாலொழிய அவரிடம் சொன்னது வெளியே போகாதென்ற உறுதி எழுத்து மூலம் இருக்க வேண்டும். அவருடைய சம்பளம் வருஷா வருஷம் பட்ஜெட்டில் தனியே ஒதுக்கப்பட வேண்டும். நியமிக்காத கலாசாலைகளின் ஜாபிதாவைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மரணத்துக்காக மலர் வளையத்தோடு காத்திராதீர்கள். இந்த வாரமே உங்கள் ஊர்க் கலாசாலைக்குப் போய், ஆலோசகரின் அறை எங்கே, அவர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரையில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இறந்தவனுக்காக எழுப்பும் ஆயிரம் கோஷங்களைவிட, இருப்பவனுக்காகக் கேட்கும் இந்த ஒரு கேள்வியே மேலான தேசத்தொண்டாகும்.