உங்களுக்குத் தெரியுமா? – மூன்று நிமிஷப் பொறுமை

பாகான் டத்தோவில், தென்னந்தோப்பை அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "பாட்டி, சக்கரநாற்காலியிலேயே பத்து வருஷம் வாழ்வதா, பூரண ஆரோக்கியத்தோடு ஏழே வருஷம் வாழ்வதா, எது உங்களுக்குச் சம்மதம்?" என்று ஒருவர் வினவுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஈக்யூ-5டி-5எல் என்னும் அளவுகோல் விவரிக்கும் 3,125 உடல்நிலைகளுக்கு மலேசிய மக்கள் தரும் மதிப்பு, இத்தகைய நேர்முக வினாக்களைக் கொண்டே கணிக்கப்பெற்று 2019-இல் வெளியாயிற்று. வினவுகிறவர் அவசரப்பட்டால் விடை வெறும் தலையாட்டலாகிவிடும். பாட்டியின் தயக்கமோ, என் அபிப்பிராயத்தில், சிந்தனையின் அடையாளம். ஆதலால், சக்கரநாற்காலி உதாரணத்தை விளக்க 3 நிமிஷத்துக்குக் குறைவாகச் செலவிட்ட பேட்டியையும், அதிகொடிய நிலைக்கு இலகுவான நிலையைவிட வெகுவாக உயர்ந்த மதிப்பு பதிவான பேட்டியையும் தனியே குறித்துவைத்து, அவை மிகுந்தால் பேட்டியாளருக்கே மறுபயிற்சி அளிக்கும் முறையை, இவ்வளவுகோலை உருவாக்கிய யூரோகோல் அமைப்பினர் வகுத்திருக்கின்றனர்.