மருத்துவக் கல்லூரிக்குத் தத்துவ ஆசிரியர் எதுக்கு?

உங்கள் பெரியம்மாவுக்கு நாளை அறுவை சிகிச்சை. சம்மதப் படிவத்தை நீட்டுகிறார்கள். "நீயே போட்டுடு சாமி" என்கிறார். போடலாமா?

கூடாது. தெளிந்த மனநிலையில் இருக்கும் பெரியவருக்கு அவருடைய சம்மதம்தான் செல்லும். அதுவும் புரிந்துகொண்டு கொடுத்த சம்மதம்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கான துறைதான் பயோஎத்திக்ஸ், அதாவது உயிரியல் நெறிமுறை. நோயையும் நோயாளியையும் இலக்கியம், வரலாறு, மானுடவியல் வழியாகப் பார்ப்பது ஹெல்த் ஹியூமானிட்டீஸ்.

டாக்டருக்கு இதெல்லாம் தேவையான்னு கேக்கலாம். ஃபூ ஃபியோ நா வழக்கைப் பாருங்கள். 1982-இல் கார் விபத்து, பிறகு கழுத்தில் அறுவை சிகிச்சை, அதன்பின் கை கால் முடக்கம். 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எந்த அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்யாது; நோயாளிக்கு எது முக்கியம் என்பதும் கணக்கில் வரும்.

சரி, இதை யார் கற்பிப்பது? டாக்டருக்கு வார்டு தெரியும், தத்துவம் படிக்க நேரமிருந்திருக்காது. தத்துவம் படித்தவர் வார்டில் நின்றிருக்க மாட்டார். இருவரையும் சேர்த்து வகுப்பெடுக்க வைப்பதே நல்ல வழி. ஆனால் வேலைக்கு எடுத்த பிறகுதான் சிக்கலே. மருத்துவத் துறையில் பலர் கூடி வருஷத்துக்குப் பல கட்டுரை எழுதுவார்கள். மனிதவியல் ஆய்வாளர் தனியாக ஒரே புத்தகத்துக்குப் பல வருஷம் உழைப்பார். ஒரே தராசில் நிறுத்தினால் பதவி உயர்வு யாருக்குப் போகும்? நேர்காணலுக்குப் போனால் இதை முதலில் கேளுங்கள்.

பினாங்கில் இன்னொரு கோணமும் உண்டு. 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய ஆர்சிஎஸ்ஐ-யுசிடி வளாகத்தின் மாணவர்கள் நீண்ட காலமாக முதல் பாதியை அயர்லாந்திலும், மருத்துவமனைப் பயிற்சியை இங்கேயும் படித்தவர்கள். அங்கே பாடத்தில் நோயாளி தனியாக முடிவெடுப்பார். இங்கே மகன் வந்து, "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்பார். மலாய், ஹொக்கியன், தமிழ் வீடுகளை அறிந்த ஆசிரியர் இதை வேறு மாதிரிதான் விளக்குவார்.

பாடத்துக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார். 1879-இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1911-இல் ஹார்பினில் பிளேக் பரவியபோது, உறைந்த நிலத்தில் புதைக்க முடியாமல் கிடந்த 2,000-க்கும் மேற்பட்ட உடல்களை எரிக்க அரசவையின் அனுமதி கேட்டார். இறந்தோரை எரிப்பது அங்கே பெரிய அவமதிப்பு. அனுமதி வந்தது, எரித்தார்கள்.

வந்திருக்காவிட்டால் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வகுப்பில் ஒரு மணி நேரம் இதைப் பேச வைக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.